சீன ராசி வெள்ளி நாணயம் சேர்க்கலாமா? கடலூர்க்காரர் ஒருவருக்கு எழுதிய பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். நீங்கள் இருப்பது மஞ்சக்குப்பம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா, ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை அடித்த 2012 டிராகன் வருட வெள்ளிக்காசு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நகைக்கடையில் காட்டியபோது பழைய வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், இணையத்தில் பார்த்தால் அதைவிட எவ்வளவோ அதிகம் போட்டிருக்கிறது. எது சரியான விலை, இதையே தொகுப்பாகச் சேர்க்கலாமா, எங்கே வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு விலையுமே சரிதான். நகைக்கடைக்காரர் உங்களிடம் வாங்குவது உலோகத்தை, உருக்கி கொலுசாகவோ குத்துவிளக்காகவோ மாற்றிவிடுவார், அதில் டிராகன் இருந்தால் அவருக்கு என்ன, குதிரை இருந்தால் என்ன. இணையத்தில் அதிக விலை கொடுக்கிறவர் வாங்குவது அந்த வருடத்தை, அந்தத் தொடரை, அந்தக் காசின் மேல் கைரேகைகூடப் படாமல் இருப்பதை. அதனால் முதல் வேலையாக, அந்தக் காசை யாரிடமும் எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, தயவுசெய்து அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். நம் வீடுகளில் வெள்ளிச் சாமான் கறுத்துவிட்டால் விபூதியை எடுத்துத் தேய்ப்பது வழக்கம், பற்பசை போடுகிறவர்களும் உண்டு, பூஜைச் சாமானுக்கு அது சரி, ஆனால் ஒரு சேகரிப்புக் காசை ஒரு முறை அப்படித் தேய்த்துவிட்டால் மேல்பரப்பில் ஆயிரக்கணக்கான நுண்கீறல் விழும், அதன் பிறகு அது நிஜமாகவே பழைய வெள்ளிதான்.

உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். பெர்த் நாணயச்சாலை, சீன ராசியின் 12 மிருகங்களை வருடத்துக்கு ஒன்றாகக் காட்டும் தொடர்கள் மூன்றை வெள்ளியில் அடித்திருக்கிறது. முதல் தொடர் 1999 முயலில் தொடங்கி 2010 புலியில் முடிந்தது. இரண்டாவது 2008 எலியில் தொடங்கி 2019 பன்றியில் முடிந்தது. மூன்றாவது 2020 எலியில் தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. கவனித்தீர்களா, 2008 முதல் 2010 வரை இரண்டு தொடர்களும் ஒரே சமயத்தில் ஓடின, அதனால் 2008 எலி என்று யாராவது விற்க வந்தால் எந்தத் தொடர் என்று கேட்க வேண்டும். அடையாளம் காண எளிய வழி அகலம். முதல் தொடரின் ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) காசு 40.6 மி.மீ., இரண்டாவது தொடரில் அது 45.6 மி.மீ., எடை அதேதான் என்பதால் இது மெல்லியதாக, தட்டையாக இருக்கும். உங்களுடையது இரண்டாவது தொடர். 99.9 சதவீத வெள்ளி. மூன்றாவது தொடரில் 99.99 ஆக்கிவிட்டார்கள், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அந்தத் தொடரில் சாதாரண ஒரு அவுன்ஸ் காசுக்கு வருடத்துக்கு 3 லட்சம் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2012 டிராகன் சட்டென்று விற்றுத் தீர்ந்தது, காரணம் டிராகன் வருடம் என்றால் சீனர்களிடையே தனி மவுசு, குழந்தை பெற்றுக்கொள்ளவே அந்த வருடத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. சித்தப்பா நல்ல காசைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

டிராகனிலேயே பல வகை உண்டு. சாதாரணமாக அடித்தது, கண்ணாடி போல் மெருகேற்றிய புரூஃப், உருவம் எழும்பி நிற்கும் உயர்புடைப்பு, வண்ணம் பூசியது, தங்கமுலாம் போட்டது, ஓரத்தில் சின்னதாக ஒரு கூடுதல் முத்திரை வைத்தது என்று. எடையும் அரை அவுன்ஸிலிருந்து 1 கிலோ, 10 கிலோ வரை போகும். புதிதாக வருகிறவர்கள் வண்ணக் காசைப் பார்த்ததும் விழுந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, வண்ணம் வேண்டாம். செதுக்கியவரின் வேலை முழுக்கப் பெயிண்டுக்குக் கீழே போய்விடுகிறது, அதுவும் நம் ஊர் வெக்கையில் 20 வருடம் கழித்து அந்தப் பெயிண்ட் எப்படி இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வெறும் வெள்ளியில் நிழலும் வெளிச்சமும் செய்கிற வேலையை எந்த வண்ணமும் செய்யாது.

தொகுப்பாகச் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஒரு நாணயச்சாலை, ஒரு தொடர், ஒரு அளவு என்று தீர்மானித்துக்கொண்டு, வருடத்துக்கு ஒன்று வாங்குங்கள். இந்தச் சேகரிப்பின் அழகே அதுதான், 12 மிருகம், 12 வருடம். நம்முடைய பிரபவ, விபவ 60 வருடச் சுற்றைப் போலவே அவர்களுக்கும் 60 வருடச் சுற்று இருக்கிறது, 12 மிருகங்களை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். நமது நடப்புச் சுற்று 1987இல் தொடங்கியது, அவர்களுடையது 1984இல். 2026 அவர்களுக்கு நெருப்புக் குதிரை. பொறுமையாக ஒவ்வொரு வருடமும் ஒன்று வாங்கினால் வெள்ளி ஏறின வருடமும் இறங்கின வருடமும் கலந்து சராசரி விலையில் வந்துவிடும், அதற்குள் உங்களுக்கே கண் பழகிவிடும். மொத்தமாக 12 காசுப் பெட்டி ஒன்றை ஒரே நாளில் வாங்குகிறவருக்கு அந்தக் கண் வருவதில்லை, போலியில் மாட்டுகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

வருடம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிள்ளை பிறந்த வருடத்துக் காசு வாங்கிக் கொடுப்பது நல்ல பழக்கம், நம் ஊரிலும் சிலர் செய்கிறார்கள், ஆனால் சீன வருடம் ஜனவரி 1இல் பிறப்பதில்லை. ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். 2024 டிராகன் பிப்ரவரி 10இல் தொடங்கியது, 2025 பாம்பு ஜனவரி 29இல், 2026 குதிரை பிப்ரவரி 17இல். 2024 பிப்ரவரி முதல் வாரத்தில் பிறந்த குழந்தை முயல் வருடத்துக் குழந்தை, அதற்கு டிராகன் வாங்கினால் சீன நண்பர் யாராவது சிரிப்பார்.

சரி, பெர்த் மட்டும்தானா? இல்லை. சீனாவே 1981 சேவல் வருடத்தில் ராசிக் காசுகளைத் தொடங்கிவிட்டது, அந்த முதல் வெள்ளிக்காசு 30 யுவான், 15 கிராம், 85 சதவீத வெள்ளி. பிற்பாடு விசிறி வடிவம், பூ வடிவம் என்றெல்லாம் அடித்தார்கள். ரொம்ப அழகானவை, ஆனால் போலியும் அதே அளவுக்கு அதிகம், அதனால் முதல் சில வருடங்களுக்கு நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பேன். இப்போதைய சீனக் காசுகள் அவுன்ஸ் இல்லாமல் 30 கிராமில் வருகின்றன, விலை ஒப்பிடும்போது இதை மறந்துவிடுவார்கள்.

சிங்கப்பூரும் அதே 1981 சேவலில் 10 டாலர் காசோடு தொடங்கியது. சித்தப்பா அங்கே இருப்பதால் இது உங்களுக்கு எளிது, ஆனால் அந்தப் பழைய 10 டாலர் காசுகள் நிக்கலிலும் வந்தன. பார்க்க வெள்ளி போலவே இருக்கும், உறையும் அழகாக இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளிக்காசு என்று நம் பக்கம் பல வீடுகளில் பத்திரமாக இருப்பது இந்த நிக்கல் காசுதான். கனடா 1998 புலி முதல் 2009 எருது வரை 15 டாலர் காசு அடித்தது, வெள்ளிக்கு நடுவே தங்கமுலாம் பூசிய எண்கோணத்தில் மிருகம் உட்கார்ந்திருக்கும். பிரிட்டன் தாமதமாக, 2014 குதிரையில்தான் வந்தது. வந்த வருடமே ஒரு கூத்து, அந்த நாணயச்சாலையில் அவர்களுடைய இன்னொரு வெள்ளிக்காசான பிரிட்டானியாவின் ராணி பக்க அச்சும் குதிரைக் காசின் ராணி பக்க அச்சும் இடம் மாறி, சுமார் 17,000 குதிரைக் காசுகள் பிரிட்டானியாவின் ராணி பக்கத்தோடு வெளியே போய்விட்டன. ராணி பக்கத்தில் விளிம்பை ஒட்டிப் பல்பல்லாக வரிசை இருந்தால் அந்த அரிய குதிரை. யாரிடமாவது 2014 பிரிட்டிஷ் குதிரை இருந்தால் இன்றே திருப்பிப் பாருங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, பாரிஸ் நாணயச்சாலை. கி.பி. 864இல் தொடங்கிய நிறுவனம், அவர்களும் யூரோவில் ராசி வெள்ளிக்காசு அடிக்கிறார்கள். அவர்களுடைய முதல் தொடரில் ஒரு பக்கம் மிருகம், மறுபக்கம் மிருகக் கதைகள் எழுதிய லா ஃபோன்தேன், அவரைச் சுற்றி 12 மிருகங்களும் நிற்கும். சீன நாட்காட்டியை பிரெஞ்சு நீதிக்கதையோடு கோத்த அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்ஸில் அண்ணனோ அக்காவோ இருக்கிற குடும்பங்கள் புதுச்சேரியில் எத்தனையோ, ஆனால் வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் கொண்டுவரச் சொல்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. அதே புதுச்சேரியில் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களும் உண்டு. அங்கே வியட்நாமில் ராசி வரிசையே கொஞ்சம் வேறு, முயலுக்குப் பதில் பூனை, எருதுக்குப் பதில் எருமை. பூனை வருடக் காசு என்று ஒன்றைப் பார்த்தால் போலி என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் குடும்பங்களின் டிரங்குப் பெட்டியில் பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்தர் வெள்ளிக்காசு இருக்க வாய்ப்பு உண்டு, 27 கிராம், 90 சதவீத வெள்ளி, உட்கார்ந்திருக்கும் பெண் உருவம். ராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதை எடைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது மனசு கேட்பதில்லை, அதனால் சொல்கிறேன். 100 வருடம் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

விலைக்கு வருவோம். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், நம் கணக்கில் நாலு பவுன் எடைக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைய கிராம் வெள்ளி விலையை 31.1 ஆல் பெருக்குங்கள், அதுதான் அடிவிலை. அதற்கு மேல் கேட்பது பிரீமியம். நகைக்குச் செய்கூலி, சேதாரம் கொடுக்கிறோமே, அது திரும்பி வராது, இந்தப் பிரீமியம் நல்ல காசாக இருந்தால் திரும்பி வரும், சில சமயம் வளர்ந்தும் வரும். நடப்பு வருடத்துச் சாதாரண காசுக்குப் பிரீமியம் குறைவு, அதனால்தான் வருடா வருடம் வந்தவுடன் வாங்கச் சொல்கிறேன். வரம்பு வைத்து அடித்த காசு தீர்ந்த பிறகு வெளிச்சந்தையில் விலை மாறிவிடும். ஆனால் எல்லா ராசிக் காசும் ஏறும் என்று நினைக்காதீர்கள். நியுவே, டுவாலு, டோகெலாவ் போன்ற குட்டித் தீவுகளின் பெயரில் வருடா வருடம் ஏகப்பட்ட ராசிக் காசுகள் வருகின்றன, அடிப்பது வேறு நாட்டு நாணயச்சாலை, பெயர் மட்டும் தீவுடையது. சிலது நன்றாக இருக்கும், பலவற்றுக்கு ஐந்து வருடம் கழித்து வாங்க ஆள் இருக்காது.

சிலர், நம் அரசாங்கமே நினைவு நாணயம் வெளியிடுகிறதே, அது போதாதா என்பார்கள். நானும் சேர்க்கிறேன், ஆனால் வெள்ளிக்காக அல்ல. நம் 100 ரூபாய் நினைவுக்காசு பல வருடங்கள் 35 கிராமில் பாதிதான் வெள்ளியாக வந்தது, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய்க் காசு 80 சதவீதம். கதைக்காக வாங்குவது வேறு, உலோகத்துக்காக வாங்குவது வேறு.

போலி பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். செம்பு அல்லது பித்தளைக்கு வெள்ளிமுலாம் போட்டு, 1 அவுன்ஸ் 999 என்று பொறித்து, கேப்ஸ்யூல் என்கிற தெளிந்த பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, சான்றிதழும் வைத்து விற்கிறார்கள். விலை அன்றைய வெள்ளி விலையைவிடக் குறைவாக இருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், எந்தப் புத்தியுள்ளவனும் 31 கிராம் சுத்த வெள்ளியை அடிவிலைக்குக் கீழே விற்க மாட்டான். சந்தேகம் இருந்தால் முதலில் எடை, பிறகு வெர்னியர் அளவுகோல் வைத்து அகலமும் தடிமனும். செம்பு வெள்ளியைவிட லேசு என்பதால் எடையைச் சரியாகக் கொண்டுவந்தால் தடிமன் கூடிவிடும், தடிமனைச் சரி செய்தால் எடை குறைந்துவிடும்.

இன்னும் உறுதியாக வேண்டுமானால் தண்ணீர் சோதனை. 0.01 கிராம் காட்டும் சின்ன தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. வெள்ளியின் அடர்த்தி 10.49 என்பதால் 31.1 கிராம் காசுக்கு 2.96 கிராம் அளவில் வர வேண்டும். செம்பு என்றால் 3.47 காட்டும், பித்தளை அதற்கும் மேலே போகும், ஈயம் என்றால் 2.74க்கு இறங்கிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்யுங்கள், முடிந்ததும் பஞ்சால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். புரூஃப் காசில் இதைச் செய்யவே வேண்டாம். வலுவான காந்தத்தைச் சாய்வாகப் பிடித்த காசின் மேல் விட்டால் வெள்ளியில் மெதுவாக வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் செம்பிலும் கொஞ்சம் அப்படி வரும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நகைக்கடையில் டச் பார்க்கக் கொடுத்தால் மிஷினில் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் காசு முடிந்தது. மிஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும், தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும், ஆக மிஷினும் தண்ணீர் கணக்கும் சேர்ந்து ஒத்துவந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

இனி வைத்துக்கொள்வது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிற நமக்கு இது பெங்களூர்க்காரரைவிடக் கஷ்டம். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால், முக்கியமாக ஹைட்ரஜன் சல்ஃபைடால், ஈரம் அதை வேகப்படுத்தும். நமக்கு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, கடல் பக்கத்தில் உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடியிருக்கிறவர்களுக்குக் காற்றில் என்னென்ன வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு காசும் காற்றுப் புகாத அக்ரிலிக் கேப்ஸ்யூலில், அந்தக் கேப்ஸ்யூல் ஜிப் உறையில், உறைகள் எல்லாம் இறுக்கமாக மூடும் டப்பாவில், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் என்று இருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஜெல்லை மாற்றுங்கள். ரப்பர் பேண்டு கூடவே கூடாது, அதிலேயே கந்தகம் இருக்கிறது. செய்தித்தாளில் மடிப்பது, அந்துருண்டை போட்ட பீரோவில் வைப்பது, மரப்பெட்டி, வெல்வெட் பை எல்லாம் தவிருங்கள். மெத்தென்று வளைகிற பழைய பிவிசி ஆல்பம் இன்னும் மோசம், சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று காசில் ஒட்டும். தொடும்போது விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

காசில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பயப்படாதீர்கள், சுத்த வெள்ளிக் காசுகளில் அடிக்கும்போதே வரும் குறை அது, வெளியே தெரியப் பல வருடம் ஆகும். எடுக்க முடியாது, எடுக்க முயற்சி செய்யவும் வேண்டாம். லேசாக மஞ்சளும் நீலமுமாக மெதுவாக நிறம் மாறினால் அதை விரும்பி வாங்குகிறவர்களே உண்டு.

வீட்டில் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. பரண் மேல், இல்லாவிட்டால் மாடியில் இருக்கும் லாக்கர்.

வாங்குவதிலும் கொண்டுவருவதிலும் சட்டம் இருக்கிறது. விமானத்தில் வருகிறவருக்குள்ள நகைச் சலுகை ஆபரணத்துக்குத்தான், காசுக்குக் கிடையாது. சித்தப்பா அடுத்த முறை கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சுங்கத்திடம் பொருளை அறிவிக்கிற சிவப்பு வழியில் போய் பில்லைக் காட்டி வரி கட்டிவிட்டு வரட்டும். வெள்ளி இறக்குமதி வரியை 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள், இந்த விகிதம் அடிக்கடி மாறும், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தபாலிலோ கூரியரிலோ வரவழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பல கூரியர்கள் விலைமதிப்புள்ள உலோகத்தை எடுப்பதே இல்லை, சுங்கத்தில் மாட்டினால் அலைச்சல் காசின் விலையைத் தாண்டிவிடும். உள்நாட்டில் வாங்கினால் 3 சதவீதம் ஜிஎஸ்டியோடு பில் கேளுங்கள். 24 மாதம் தாண்டி விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்கு முன் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம், இரண்டுக்கும் வாங்கின விலையைக் காட்ட அந்தப் பில்தான் ஆதாரம். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய காசு பரப்பி வைத்திருப்பார்கள், வேடிக்கை பார்க்க எனக்கும் பிடிக்கும், ராசி வெள்ளிக்காசை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

விற்பது என்று வந்தால் கடலூரில் பிரீமியம் கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது அரிது. சென்னையில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் வியாபாரிகள் மூன்று பேரிடமாவது கேளுங்கள். இரண்டாவது தொடர் டிராகனுக்கு வாங்குபவர் தானாகவே வருவார், அவசரப்பட்டு விலை சொல்ல வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, என் கருத்தில், இதுதான். டிராகன் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை இரண்டாவது தொடரின் ஒற்றைக் காசாகவே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் மீதி 11க்கு இப்போது ஓடினால் எலியும் எருதும் புலியும் கையைக் கடிக்கும். பெர்த்தின் மூன்றாவது தொடரில் நடப்பு வருடத்திலிருந்து தொடங்குங்கள், ஒரு அவுன்ஸ், வண்ணம் இல்லாதது, 2031 பன்றியோடு அது முடியும், விட்டுப்போன முந்தைய வருடங்களை விலை இறங்குகிற சமயத்தில் ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். கேப்ஸ்யூல் வாங்கும்போது மட்டும் அளவைப் பாருங்கள், மூன்றாவது தொடருக்கு 41 மி.மீ. போதும், உங்கள் டிராகனுக்கு 46 மி.மீ. வேண்டும், ஒன்றுக்கு வாங்கியது மற்றதுக்குச் சேராது.